எசப்பாட்டு தெரியாத பெட்டி

வ. புதுப்பட்டியில் காலை ஆறு மணி டீ வேறு, பத்து மணி டீ வேறு. ஆறு மணிக்கு வருகிறவர்கள் தோப்புக்கும் வயலுக்கும் போகிறவர்கள். நின்றபடியே ஊதிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பத்து மணிக்கு வருகிறவர்களுக்கு எங்கும் போக வேண்டியதில்லை, அல்லது போய்விட்டு வந்துவிட்டார்கள். கிளாஸில் ஆடை படிகிற வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். மேற்கே மலை மட்டும் யார் பேச்சையும் காதில் வாங்காமல் நிற்கும்.

அன்றைக்கு என் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்த மாமா, பேத்தியைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்திருந்தார். பேத்திக்கு மூன்றரை வயது. துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். பால்வாடிக்கெல்லாம் டிவி குடுக்கப் போறாகளாமே. நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லு."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததால்தான் இரண்டாவது டீ சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் செய்தியைச் சொன்னேன். ஒன்றிய அரசு 2021-ல் அறிவித்த திட்டத்தில் 'சக்‌ஷம் அங்கன்வாடி' என்று ஒரு பிரிவு இருக்கிறது. நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள். அவற்றில் 2 லட்சத்தை, ஆண்டுக்கு 40,000 என்ற கணக்கில் மேம்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மேம்படுத்துவது என்றால் என்ன என்பதற்கும் பட்டியல் உண்டு. குடிதண்ணீரைச் சுத்தம் செய்கிற மிஷின், காய்கறித் தோட்டம், சுவரில் பாடம் சொல்லும் ஓவியங்கள், விளையாட்டுச் சாமான்கள். அதோடு ஓர் எல்இடி திரை.

"தண்ணிக்கு மிஷினு சரி. தோட்டமும் சரி. டிவிதான் வீட்டுலயே இருக்கே, அங்க எதுக்கு?"

நல்ல கேள்வி. பதிலுக்கு நான் பால்வாடி என்ற சொல்லில் இருந்து தொடங்கினேன். மாமா அதைப் பால் கொடுக்கிற இடம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். நானும் பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 'பால்' என்பது பாலகன். 'வாடி' என்றால் தோட்டம். அங்கன்வாடியில் வரும் 'அங்கண்' முற்றம். தாராபாய் மோதக் என்ற அம்மையார் 1940-களில் மகாராஷ்டிரத்துக் கடலோரக் கிராமங்களில் பிள்ளைகளுக்காக இப்படிப் பள்ளிகள் நடத்தினார். அவர்களைக் கட்டடத்துக்குள் வரச்சொல்வதற்குப் பதிலாக, அவர்கள் இருக்கிற முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். நம் ஊர்ப் பலகையில் இருப்பது அந்த முற்றத்தின் பெயர்தான்.

"மொத்தத்துல, சுவரே இல்லாத பள்ளிக்கொடம்னு சொல்லு" என்றார் மாமா. சுவரே இல்லாத இடத்தில் டிவியை எங்கே மாட்டுவது என்று கடைக்காரர் உள்ளேயிருந்து கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த மையங்கள் படிப்புக்காகத் தொடங்கியவை அல்ல, வயிற்றுக்காகத் தொடங்கியவை. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு தன் போக்கில் ஓர் ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கி, மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டு, மெலிந்த குழந்தைக்குத் தனியாகச் சத்துருண்டை கொடுத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சோறு வந்தது. இன்று மாநிலத்தில் இருப்பவை 54 ஆயிரத்துச் சொச்சம் மையங்கள். பாட்டும் கதையும் மணி கோர்ப்பதும் பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்தவை. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அதற்கென்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. பெயரைப் பாருங்கள்: ஆடு, பாடு, விளையாடு. பார் என்ற வினை அதில் இல்லை.

அப்புறம் ஏன் டிவி? என் கணிப்பைச் சொல்கிறேன், இதை அரசாங்கம் சொல்லவில்லை. பத்து வருடமாக நம் ஊர்ப்பக்கம் தெருவுக்குத் தெரு மஞ்சள் வேன் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் போகிற நர்சரிப் பள்ளி வேன். அதன் பக்கவாட்டில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று எழுதியிருக்கும். பால்வாடியில் முட்டை கிடைக்கும், வேன் பள்ளியில் இங்கிலீஷும் டிவியும் கிடைக்கும் என்பது தாய்மார்களின் கணக்கு. பிள்ளைகள் குறையக் குறைய அரசுக்கும் கவலை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியதும் அந்தக் கவலையில்தான். ஆக, எல்இடி திரை பிள்ளைக்காக வருவதைவிட, பிள்ளையைக் கூட்டிவருகிற அம்மாவின் கண்ணுக்காக வருகிறது. அதில் தப்பில்லை. கடைக்காரர் வாசலில் பல்பு போடுவது போலத்தான். ஆனால் பல்பை நாம் காய்கறி என்று நினைத்துவிடக் கூடாது.

"சரி, பல்பாவே இருக்கட்டும். எரிஞ்சா என்ன நட்டம்?"

இங்கேதான் வயது பார்த்துப் பேச வேண்டும் என்றேன். பால்வாடி என்ற ஒரே அறைக்குள் இரண்டு வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கின்றன. டிவி இரண்டுக்கும் ஒன்றல்ல.

இரண்டு வயதுக்காரனுக்கு டிவி என்ன என்பதைக் காட்ட ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் ஜார்ஜின் ட்ரோசெத், ஜூடி டிலோச் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் செய்தது. பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்துவைப்பார்கள். அதைச் சில பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். மற்ற பிள்ளைகள் அதே காட்சியை டிவியில் பார்ப்பார்கள். பிறகு "போய் எடுத்துட்டு வா" என்று அனுப்புவார்கள். ஜன்னல் வழியே பார்த்த இரண்டு வயதுப் பிள்ளைகள் நேராகப் போய் எடுத்துவிட்டன. டிவியில் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் தவறான இடத்தில் தேடினார்கள். அதே காட்சி, அதே அறை, அதே பொம்மை. இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் செய்தபோது டிவியில் பார்த்தவர்களும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் ஏதோ திறக்கிறது. அதற்கு முன்னால் பிள்ளைக்குப் பெட்டிக்குள் நடப்பது வேறு லோகம். தன் வீட்டுக்கும் அதற்கும் பாதை இல்லை.

மாமா கொஞ்சம் யோசித்தார். "எம் பேரன், மகள் வீட்டுப் பையன், ஒண்ணரை வயசுல டிவிக்குப் பின்னாடி போய்ப் பாத்தான். யானை எங்கன்னு."

அதேதான்.

இன்னொரு சோதனை மொழியைப் பற்றியது. இது எனக்கு மிகவும் பிடித்தது. சியாட்டிலில் பட்ரீசியா குல் என்ற ஆராய்ச்சியாளர் 2003-ல் வெளியிட்டார். ஒன்பது மாதக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்கிறவை. ஒரு கூட்டத்துக்கு, சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 முறை, ஒவ்வொரு முறையும் அரை மணிக்கும் குறைவு. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, டிவி வழியாக. முடிவில், நேரில் கேட்ட குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்து அறிந்தன. டிவியில் கேட்ட குழந்தைகள் சீனமே கேட்காத குழந்தைகளைவிட ஒரு சுழி கூட முன்னேறவில்லை. சத்தம் காதுக்குள் போயிருக்கிறது, ஆனால் தங்கவில்லை.

நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், 'ழ'வும் 'ள'வும் மாதிரி. (வாழைப்பழத்தை நாங்கள் எல்லோரும் வாளப்பளம் என்றே சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்பதால் இந்த உதாரணத்தை மாமா ரசிக்கவில்லை.)

ஏன் இப்படி? டிவியிலும் ஆள்தானே பேசுகிறார்? இதற்கு மாமாவுக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்ல முடிந்தது. நாற்று நடும்போது பெண்கள் பாடுவார்களே, எசப்பாட்டு. இந்த வரிசை ஒரு அடி பாடும், அந்த வரிசை அதற்கு எதிர் அடி எடுக்கும். எதிர் அடி வராவிட்டால் பாட்டு நின்றுபோகும். முதல் அடி பாடியவள் எதிராளியின் அடியைக் கேட்டுத்தான் அடுத்ததைக் கட்டுவாள். பிள்ளைக்குப் பேச்சு வருவது இந்த வழியில்தான். பிள்ளை ஜன்னலைப் பார்த்து "கா" என்கிறது. பால்வாடி டீச்சர் திரும்பிப் பார்த்து, "ஆமா, காக்கா! வேப்பமரத்துல இருக்கு பாரு. காக்காவுக்குச் சோறு வைப்போமா?" என்கிறார். பிள்ளை "தோறு" என்கிறது. இரண்டு அடி முடிந்தது. இதில் டீச்சர் செய்த பெரிய காரியம் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பார்த்தது. எத்தனை லட்சம் ரூபாய் டிவியாக இருந்தாலும் பிள்ளை ஜன்னலைப் பார்க்கும்போது அதுவும் ஜன்னலைப் பார்க்காது. அது தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். எசப்பாட்டு தெரியாது.

இதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்கிற மருத்துவர்களும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுக்கிறார்கள். துபாயில் இருக்கிற அப்பன் போனில் வந்து, "இன்னைக்கு இட்லி தின்னியா?" என்று கேட்கிறான். பிள்ளை தலையை ஆட்டுகிறது. "எத்தனை?" என்கிறான். அது திரைதான். ஆனால் எதிர் அடி எடுக்கிறது.

"அப்ப பெரிய பிள்ளைகளுக்கு?" என்றார் மாமா. மூன்றரை வயதுப் பேத்திதான் அவர் மனதில்.

மூன்று வயதுக்கு மேல் கதை கொஞ்சம் மாறுகிறது, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1969-ல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற நிகழ்ச்சி வந்தது. பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தர, கல்வியாளர்களை உட்காரவைத்து எடுத்த நிகழ்ச்சி. அன்றைக்கு ஆன்டெனாவில் அந்தச் சேனல் நன்றாகத் தெரிந்த ஊர்களும் உண்டு, சரியாகத் தெரியாத ஊர்களும் உண்டு. பல வருடம் கழித்து இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் இந்த வேறுபாட்டை வைத்தே கணக்குப் போட்டார்கள். நன்றாகத் தெரிந்த ஊர்ப் பிள்ளைகள், பள்ளியில் தங்கள் வயதுக்கேற்ற வகுப்பில் இருப்பது கூடியிருந்தது என்று 2015-ல் எழுதினார்கள். ஆகவே டிவி என்றால் விஷம் என்பது சரியல்ல. நிதானமாக நகர்கிற, ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிற, பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிற நிகழ்ச்சி, பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து "பாத்தியா, கடல்!" என்று சொல்லிக்கொண்டே பார்த்தால், நாலு வயதுப் பிள்ளைக்கு நல்லது செய்யும். வ. புதுப்பட்டிப் பிள்ளை திமிங்கிலத்தை வேறு எங்கே பார்க்கும்?

ஆனால் வீட்டில் பிள்ளை கையில் கொடுக்கிற போனில் ஓடுவது அதுவா? ஒரு விநாடிக்கு ஒரு காட்சி மாறுகிற பாட்டு, அது முடிவதற்குள் அடுத்தது, அதற்கு அடுத்தது. அதற்கு முடிவு என்பதே இல்லை. டிவியில் நிகழ்ச்சியாவது முடியும்.

அளவு என்று கேட்டால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. கொரோனா காலத்தில் எல்லாப் பாடமும் போனுக்குள் போனபோதுகூட, ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டுதல் மழலை வகுப்புக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. பிரான்ஸ் 2025 ஜூலையில் ஒரேயடியாக, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடங்களில் திரையே கூடாது என்று ஆணை போட்டுவிட்டது.

"ஒரு மணி நேரம்னா பால்வாடில அரை மணி, வீட்டுல அரை மணின்னு பிரிச்சிக்கிடலாமே?"

பிரித்துக்கொள்ளலாம், வீட்டில் அரை மணியோடு நிற்குமானால். 2006-ல் இலவச கலர் டிவி வந்த நாளில் இருந்து நம் வீடுகளில் டிவி விளக்கு மாதிரி எரிகிறது. யாரும் பார்க்காவிட்டாலும் எரியும். இப்போது அதன்மேல் போன். பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும் அம்மா சமைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், வேலைக்குப் போன களைப்பு வேறு. போனைக் கொடுக்காமல் என்ன செய்வாள்? நான் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்கிறவர்கள் ஒரு வாரம் அவள் வீட்டில் இருந்து பார்க்கட்டும். ஆனால் கணக்கு என்று வந்தால், அந்த ஒரு மணி நேரம் வீட்டிலேயே தீர்ந்து, மேலே இரண்டு மணி நேரம் கடனும் ஆகியிருக்கும். பிள்ளை கண் விழித்திருக்கிற நேரத்தில் டிவி சத்தம் இல்லாத பொழுது பால்வாடி நேரம் ஒன்றுதான்.

அந்தச் சத்தமே ஒரு விஷயம். பார்க்காமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கிற டிவியைச் சொல்கிறேன். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சின்னக் குழந்தைகளின் சட்டையில் குட்டி ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, நாள் முழுக்க அவர்கள் காதில் விழுகிற பெரியவர்களின் பேச்சை எண்ணினார்கள். டிவி சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் வாயிலிருந்து பிள்ளை கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்தன. டிவி பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். அவ்வளவுதான் ரகசியம். டீக்கடையிலேயே பார்க்கலாம். கிரிக்கெட் போட்டுவிட்டால் இந்தப் பெஞ்சில் யார் பேசுகிறார்கள்?

சாப்பாட்டுக்கும் இதே நியாயம். வீட்டில் போன் இல்லாமல் வாயைத் திறக்காத பிள்ளை பால்வாடியில் முட்டையை முழுசாகத் தின்றுவிட்டுத் தட்டை நக்குகிறது. தாய்மார்களுக்கு இது பெரிய அதிசயம். காரணம், பக்கத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் தின்கின்றன. அடுத்தவன் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிடப் பசியைக் கிளப்புகிற வேலை வேறு இல்லை. போனைப் பார்த்துத் தின்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, நிறையாததும் தெரியாது. அந்த வரிசையின் முன்னால் போய் ஒரு டிவியைப் போட்டால் பன்னிரண்டு தலையும் ஒரே பக்கம் திரும்பும். அப்புறம் ஆயாதான் வாய் வாயாகத் திணிக்க வேண்டிவரும்.

கண்ணைப் பற்றி மாமா கேட்டார், சுருக்கமாகச் சொன்னேன். திரை கண்ணைக் கெடுக்கிறதா என்பதைவிட, வெயிலில் விளையாடாதது கிட்டப்பார்வையைக் கொண்டுவருகிறது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. தைவானில் 2010-ல் இருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டம் நடக்கிறது. அவர்கள் வெளிச்சத்துக்கு ஆணை போட வேண்டியிருக்கிறது. நமக்கு வாசலைத் திறந்துவிட்டால் போதும், பிப்ரவரியிலேயே கண் கூசும்.

இன்னொன்றை மட்டும் சுருக்கக் கூடாது. பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவர், "போன் பாத்துத்தான் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வருதாம்" என்றார். இந்தப் பேச்சு இப்போது எல்லா வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. பேச்சு தாமதமாகிற பிள்ளைக்குப் போன் கூடுதல் தடை என்பது வேறு, போன்தான் காரணம் என்பது வேறு. இரண்டாவதை நம்பினால் ஒரு ஆபத்து இருக்கிறது: போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, சரியாகிவிடும் என்று ஒரு வருடம் காத்திருப்பார்கள். அந்த ஒரு வருடம் திரும்பக் கிடைக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பால்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதனை செய்ய மருத்துவக் குழு வரும். அவர்களிடம் சொன்னாலே மாவட்ட மருத்துவமனையில் இருக்கிற ஆரம்ப இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். பழியும் வேண்டாம், செலவும் இல்லை.

போனைத் திட்டுவதற்கு நமக்கு முழு யோக்கியதை இருப்பதாகவும் நான் சொல்லமாட்டேன். பக்கத்து கூமாப்பட்டியை 2025-ல் ஊர் உலகமெல்லாம் தெரிந்துகொண்டது போன் வழியாகத்தானே? ஒரு ரீலைப் பார்த்துவிட்டுக் கார் எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நாம் எல்லோரும் வழி சொன்னோம்.

"நீ சொல்றதப் பாத்தா, டீச்சரம்மா பக்கத்துல இருந்து, கால் மணி அரை மணி நல்லதா ஒண்ணு போட்டுக் காட்டிட்டு அமத்திட்டா, பெரிய பிள்ளைகளுக்குக் குத்தமில்லங்கிறியா?"

குற்றமில்லை. ஆனால் 'டீச்சரம்மா பக்கத்துல இருந்து' என்று சொன்னீர்களே மாமா, அதைக் கொஞ்சம் பார்ப்போம் என்றேன்.

ஒரு மையத்தில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளரை நாம் ஆயா என்போம். ஆயா காலையிலிருந்து அடுப்படியில் இருப்பார். குறு அங்கன்வாடி என்றால் அவரும் இல்லாமல் ஒரே ஆள், சமையலும் அவரே. 2013-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மழலைக் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்கு மேற்பட்ட 20 பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்கிறது. மூன்றுக்குக் கீழ் என்றால் 10 பிள்ளைக்கு ஒருவர். நம் பால்வாடியில் இரண்டு வயதும் ஐந்து வயதும் கலந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒருவன் அழுவான், ஒருத்தி ஒன்றுக்குப் போவாள், ஒருவன் பக்கத்தில் இருப்பவளைக் கடிப்பான். இந்த அறையில் ஒரு டிவியை வைத்துவிட்டு, அரை மணியோடு அமர்த்திவிடு என்று சொன்னால், எந்த மனுஷியால் முடியும்? டிவி போட்ட மறு நிமிடம் அறையே அடங்கிப்போகும். அந்த அமைதிதான் ஆபத்து. அது பாடம் நடக்கிற அமைதி போலவே இருக்கும்.

அப்படி அடங்கிக் கிடைக்கிற நேரத்தில் டீச்சர் என்ன செய்வார்? காலை நீட்டி உட்காரமாட்டார். போனை எடுப்பார். எடுத்தே ஆக வேண்டும். 2021-ல் 'போஷன் டிராக்கர்' என்ற செயலி வந்தது. மையம் திறந்ததை அதில் போட வேண்டும், வந்த பிள்ளைகளைப் போட வேண்டும், எடை, உயரம், யார் வீட்டுக்குப் போனார், யாருக்குச் சத்துமாவு கொடுத்தார் எல்லாம் போட வேண்டும். 2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்க வருகிற தாயின் முகத்தைப் போனில் காட்டிச் சரிபார்த்தால்தான் பாக்கெட் தரலாம் என்று ஆகிவிட்டது. கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாக்கெட் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அரசு கேட்பது நியாயம். ஆனால் பாருங்கள், பால்வாடிக்குள் ஏற்கனவே ஒரு திரை வந்துவிட்டது. பிள்ளைக்கு எவ்வளவு நேரம் திரை என்று ஊரெல்லாம் விவாதிக்கிறோம். டீச்சருக்கு எவ்வளவு நேரம் திரை என்று யாரும் கேட்கவில்லை. "கா" என்று சொல்கிற பிள்ளையின் எதிரில் அவர் குனிந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தால், எதிர் அடி யார் எடுப்பது?

இதில் மலையடிவார ஊர்களுக்கு என்று தனிக் கஷ்டம் ஒன்றும் இருக்கிறது. சிக்னல்.

மாமா சிரித்தார். "அது தெரியும். எங்க பால்வாடி டீச்சர் போனத் தூக்கிட்டு வேப்பமரத்தடிக்கு வரும். அங்கதான் ரெண்டு கோடு காட்டுமாம். பிள்ளைக எல்லாம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கும்."

பால்வாடியை விட்டுவிட்டு, நாள் முழுக்கப் பிள்ளையை வைத்திருக்கிற காப்பகங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். ராஜபாளையம் பக்கத்து நூல் மில்களுக்கு நம் ஊர்ப் பெண்களும் போகிறார்கள். மில் வளாகத்தில் தொட்டில் அறை வேண்டும் என்பது 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 50 பெண்கள் என்று தொடங்கி, பிறகு 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தாலே வேண்டும் என்று ஆக்கினார்கள். அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் நடத்தும் 'பால்னா' திட்டமும் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்கலாம். கைக்குழந்தை எட்டு மணி நேரம் இருக்கிற அந்த இடங்களில்தான் டிவி முதலில் நுழையும், அங்கேதான் அதற்கு வேலையே இல்லை. அந்த வயதுக்கு என் பதில் மாமா கேட்ட மாதிரி ஒரே வார்த்தைதான்: வேண்டாம்.

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அடுத்த கிராம சபைல எழுதிக் குடுக்கலாம்னு இருந்தேன். டிவி வேண்டாம்னு எழுதவா?"

வ. புதுப்பட்டி பேரூராட்சி, கிராம சபை கிடையாது என்று நினைவூட்டினேன். கவுன்சிலரிடம் கொடுப்பதாகச் சொன்னார். அப்படியானால் டிவி வேண்டாம் என்று எழுதாதீர்கள், வருகிற டிவி வரட்டும். பால்வாடிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எழுதுங்கள், போனில் கணக்குப் போட ஒருவர் இருந்தால் டீச்சர் பிள்ளைகளோடு இருப்பார் என்றேன்.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மாப்ள, நாப்பது வருசமா மனு எழுதுறேன். டிவி கேக்காமயே வரும். ஆளக் கேட்டா, பாக்குறோம்னு சொல்லுவாக."

இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு, பேத்தியைக் கூப்பிடப் போனார்.